ஓநாய் வரும்போது பேசக்கூடாது

இசையமைப்பாளர் செர்கேய் புரோகோஃபியெவ் தன்னுடைய 'பீட்டரும் ஓநாயும்' இசைக்கதை ஸ்கோரின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நிகழ்ச்சி தொடங்கும் முன் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாத்தியத்தையும் காட்ட வேண்டும், அந்தந்தப் பாத்திரத்துக்குரிய மெட்டை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பெரும்பாலான மேடைகளில் இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கதைக்குள் ஓடிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை சுமார் 25 நிமிடம் ஓடும். பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் 40 அல்லது 45 நிமிடம். மிச்சமிருக்கும் நேரம் முழுவதையும் நான் இந்த அறிமுகத்துக்கே கொடுத்துவிடுவேன்.

எங்கள் குழுவில் வாத்துக்கு வாசிக்கும் ஓபோக்காரர் முதலில் வாத்தியத்தை எடுக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுப்பார். அதற்குள் நாணல் தட்டையைச் சீவிக் கட்டிய ரீடு இருக்கும். அதை மட்டும் உதட்டில் வைத்து ஊதுவார். 'க்ராக்' என்று ஒரு சத்தம். வகுப்பே சிரித்து உருளும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் யாராவது ஒருவன் எழுந்து, "சார், இது நாயனத்து சீவாளி!" என்பான். அவன் சொல்வது சரிதான். இரண்டு நாக்குகளுக்கு இடையே காற்று போய் அதிர்வதில் ஓபோவுக்கும் நாதஸ்வரத்துக்கும் வித்தியாசம் இல்லை. திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறவர்களின் கையும் ஓபோ ரீடு சீவுகிறவரின் கையும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மாஸ்கோவில் எழுதிய வாத்து நம்மூர்க் கல்யாணத்துக்கு உறவு என்று தெரிந்தபிறகு பிள்ளைகள் முகத்தில் அந்நியம் இருக்காது.

ஹார்னுக்கு ஒரு கயிறு கொண்டுபோவோம். அந்தச் சுருள் குழாயைப் பிரித்து நீட்டினால் சுமார் 12 அடி வரும். அந்த நீளத்துக்குக் கயிற்றை வெட்டி வைத்திருக்கிறோம். நான்கு பேர் வந்து பிடித்து நிற்பார்கள். ஒரு முனையில் நிற்பவன் ஊதுகிற காற்று கடைசியில் நிற்பவளிடம் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு, புல்லாங்குழலுக்கு நாக்கே கிடையாது என்பதை அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வயலினைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. என் சொந்த வாத்தியம் அது. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

கோடம்பாக்கத்தில் ஸ்டிரிங்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்து வயலின் வாசித்துக் குடும்பம் நடத்தியவன் நான். ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அன்று வேலைக்குக் குறைவே இல்லை. காலை ஏழு மணி கால்ஷீட்டுக்கு ஆறரைக்கே போய் நாண் இறுக்கி, வில்லுக்கு ரோசின் தேய்த்து உட்கார்ந்துவிடுவோம். எதிரில் நோட்ஸ் வரும். பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். தொண்ணூறுகளுக்குப் பிறகு கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்தன. இருபது வயலின் உட்கார்ந்த இடத்தில் நான்கு பேர் போதும் என்றார்கள், பிறகு அந்த நான்கும் வேண்டாம் என்றார்கள். டியூஷன் எடுத்தேன், டிரினிட்டி பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். அப்போதுதான் ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் 'பீட்டரும் ஓநாயும்' செய்யலாம் என்று கேட்டார்கள். கதை சொல்ல ஆளில்லை. "உங்களுக்குத்தான் குரல் இருக்கே சார்" என்று கிளாரினெட் அண்ணன் என்னை முன்னால் தள்ளிவிட்டார். வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தது அப்படித்தான்.

இந்தக் கதை பிறந்த விதத்தைச் சொல்லாமல் என் தொழிலைச் சொல்ல முடியாது. மாஸ்கோவில் மத்தியச் சிறுவர் அரங்கை நடத்திய நத்தாலியா சாட்ஸ்தான் இதை எழுதச் சொல்லிக் கேட்டவர். புரோகோஃபியெவ் தன் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு அந்த அரங்குக்கு நாடகம் பார்க்கப் போவார். அப்படிப் பழக்கம். முதலில் வேறொருவர் இதைச் செய்யுளாக எழுதிக்கொடுத்தார். புரோகோஃபியெவுக்குப் பிடிக்கவில்லை, எதுகை மோனையெல்லாம் வேண்டாம் என்று தானே உரைநடையில் எழுதிக்கொண்டார். கதை சொல்கிற எவனும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. செய்யுளாக இருந்திருந்தால் அதன் தாளம் இசையின் தாளத்தோடு மோதிக்கொண்டே இருந்திருக்கும். 1936 ஏப்ரல் 15-ல் பியானோ வடிவம் முடிந்தது. ஏப்ரல் 24-ல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதி முடித்தார். மே 2-ல் அரங்கேற்றம். அன்று கதை சொல்ல வேண்டிய சாட்ஸுக்கு உடம்பு சரியில்லை. அனுபவமில்லாத வேறொருவர் சொன்னார். நிகழ்ச்சி எடுபடவில்லை. அதே மாதம் பயனியர் மாளிகையில் சாட்ஸே வந்து சொன்னார், பிள்ளைகள் கொண்டாடினார்கள்.

எழுதின இசையில் ஒரு ஸ்வரம் மாறவில்லை, மாறியது வாய் மட்டும்தான். இதைப் படித்த நாளிலிருந்து மேடைக்கு முன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அடுத்த ஆண்டே சாட்ஸைக் கைது செய்தார்கள். அரசின் எதிரி என்று முத்திரை குத்தப்பட்ட அமைச்சர் ஒருவரின் மனைவி என்பதுதான் குற்றம். 1938 மார்ச்சில் பாஸ்டனில் புரோகோஃபியெவே நின்று இந்த இசையை நடத்தியபோது, அதைக் கேட்டு வாங்கிய பெண் முகாமில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். விடுதலையான பிறகு அல்மா-அட்டாவில் ஒரு சிறுவர் அரங்கு, 1965-ல் மாஸ்கோவில் பிள்ளைகளுக்கென்றே ஓர் இசை நாடக அரங்கு என்று கட்டிக்கொண்டே போனார்.

நல்ல கதைசொல்லி என்றால் குரலை மாற்றி மாற்றிப் பேசுகிறவன் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். பூனைக்கு மியாவ், வாத்துக்கு க்வாக், தாத்தாவுக்கு இருமல். சில பள்ளிகளில் நிகழ்ச்சிக்கு முன்பே, "சார், கொஞ்சம் ஆக்‌ஷனோட பண்ணுங்க, பசங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்புவார்கள். நான் செய்வதில்லை. நான் மியாவ் என்று கத்திவிட்டால் கிளாரினெட்டுக்கு என்ன வேலை மிச்சம்? பூனை அதன் கீழ் ஸ்தாயியில் பதுங்கிப் பதுங்கி வருகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் துண்டு துண்டாக, பாதத்தை எடுத்து வைப்பதுபோல. அதை ஒரு பிள்ளை தன் காதால் கண்டுபிடிக்கிற நொடிக்காகத்தான் எட்டுப் பேர் வேனில் வாத்தியங்களோடு வந்திருக்கிறோம். அதை நான் வாயால் கெடுக்கக்கூடாது.

ஆகவே என் பாடம் முழுவதும் எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது. ஸ்கோரில் கதைசொல்லிக்கான வரிகள் பெரும்பாலும் இசை ஓய்ந்து நிற்கும் இடங்களில் வருகின்றன. சில இடங்களில் இசையின் மேலேயே பேச வேண்டும். ஓய்ந்த இடத்தில் பேசுவது எளிது. ஆனால் பேசி முடித்த அடுத்த கணம் வாத்தியம் தொடங்கக் கூடாது. ஒரு மூச்சு விட வேண்டும். பிள்ளைகள் நான் சொன்னதை மனதில் படமாக்கிக்கொள்ள அந்த ஒரு மூச்சு தேவை. அதற்குமேல் போனால் பின்வரிசையில் கிள்ள ஆரம்பித்துவிடுவார்கள். நானும் கிளாரினெட் அண்ணனும் பல காலம் கண்ணாலேயே பேசிப் பழகி இந்த அளவைப் பிடித்தோம். இசையின் மேலே பேசும் இடங்களில் மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடிப்பேன். பள்ளி ஆடிட்டோரிய ஸ்பீக்கர்களுக்குப் பேச்சைத் தவிர வேறெதுவும் தெரியாது. புல்லாங்குழலை என் 'அப்போது' ஒன்றே விழுங்கிவிடும்.

ஓநாய் வருகிற இடம் இதற்கெல்லாம் பரீட்சை. காட்டிலிருந்து ஒரு பெரிய சாம்பல் ஓநாய் வந்தது என்பதை இசை தொடங்கும் முன்பே சொல்லிவிடும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. வரியை நான் மாற்றுவதில்லை. ஆனால் 'பெரிய' என்பதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். தபால்காரர் வந்தார் என்கிற மாதிரி சொல்லிவிட்டு, மைக்கை இறக்கி, ஓரடி பின்னால் போய்விடுவேன். பிறகு மூன்று ஹார்ன்கள். ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கி எழும் அந்த ஒலிக்கு அடியில் தந்திகள் நடுங்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரின் சட்டையைப் பிடிப்பார்கள். எல்கேஜி பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பின்வரிசையில், மிஸ் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்வோம். அழுகை வருவது உண்டு. பயம் வாயிலிருந்து வரவில்லை, காதிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

மூன்று ஹார்ன் என்று எழுதிவிட்டேன். எங்களிடம் இருப்பது ஒன்று. மற்ற இரண்டு குரல்களில் ஒன்றை டிராம்போன் வாசிக்கிறது. இன்னொன்றை ராணுவ பேண்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் யூஃபோனியத்தில் வாசிக்கிறார். நாற்பது வருடம் அணிவகுப்பில் நிமிர்ந்து நின்று ஊதியவர், ஓநாய்க்காக உட்கார்ந்து ஊதுவது அவமானம் என்று எழுந்து நின்றுகொள்வார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம். தாத்தாவுக்குப் பஸ்ஸூன் வேண்டும். அது எங்களுக்குக் கிடைத்ததே இல்லை என்பதால் செல்லோவின் கீழ்த்தந்திகளில் முணுமுணுக்கிறார் தாத்தா. துப்பாக்கி வெடிக்கு டிம்பனியும் பெரிய டிரம்மும். டிம்பனியை வேனில் ஏற்ற முடியாது. பெரும்பாலான பள்ளிகளில் காலை அசெம்ப்ளிக்கு அடிக்கும் பேஸ் டிரம் இருக்கிறது. அதை அடிக்கிற மாணவனையே கூப்பிட்டு வேட்டைக்காரனாக்கிவிடுவோம். அவனுக்கு அன்று கிடைக்கிற மரியாதை பள்ளி லீடருக்குக்கூடக் கிடைக்காது.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு கீபோர்டில் எல்லாச் சத்தமும் இருக்கிறதே என்று கேட்காத பள்ளி இல்லை. செலவு பாதியாகுமே என்பார்கள். உண்மைதான், பாதிக்கும் கீழே ஆகும். கீபோர்டால் பிழைப்புப் போனவன் சொல்வது ஒருபக்க நியாயமாகத் தெரியலாம். ஆனால் வாத்து ஓநாயிடமிருந்து தப்பி ஓடுகிற இடத்தில் ஓபோக்காரரின் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கிறது. முதல் வரிசைப் பிள்ளை வாத்தைப் பார்ப்பதில்லை, அந்த நரம்பைத்தான் பார்க்கிறது. ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டு ஒரு சத்தத்தை உண்டாக்குகிறான் என்பது கண்ணில் படாவிட்டால் அது போனில் வருகிற இன்னொரு சத்தம். பஸ்ஸூனுக்குச் செல்லோவை மாற்ற எனக்குச் சம்மதம், ஆளுக்குப் பதில் பட்டனை மாற்றச் சம்மதமில்லை.

பூனை மரத்தில் ஏறும் இடம் கிளாரினெட் வாசிக்கிற எவருக்கும் கெட்ட கனவு. அடியிலிருந்து உச்சிவரை ஒரே பாய்ச்சலாகச் சிதறி ஏற வேண்டும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அண்ணன் முந்தின நாள் இரவும் காலையும் அதையே பயிற்சி செய்துகொண்டிருப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கேட்பது, "சார், பூனை ஏறுனதைத் திரும்ப வாசிங்க." அவர் என்னை முறைத்துக்கொண்டே வாசிப்பார்.

வில்லுப்பாட்டு தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார்: பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவதுபோல் பிள்ளைகளை "ஆமா" போட வைக்கலாமே, கலகலப்பாக இருக்கும் என்று. வில்லிசையை நானும் ரசிப்பவன். அங்கே "ஆமா" என்பது புலவரின் பேச்சைத் தாங்கிப்பிடிக்கிறது. இங்கே என் பேச்சுக்குப் பதில் சொல்லும் வேலை வாத்தியத்துக்கு. நான் "குருவி கேலி பண்ணியது" என்றால் புல்லாங்குழல்தான் ஆமா போட வேண்டும். குளத்தில் நீந்தும் வாத்தும் கரையில் நிற்கும் குருவியும் பறக்கத் தெரியாதவள், நீந்தத் தெரியாதவள் என்று ஒருவரையொருவர் மட்டம் தட்டுகிற சண்டையில் ஓபோவும் புல்லாங்குழலும் மாறிமாறி எகிறுவதைக் கேட்டவர்களுக்கு அதற்குமேல் இன்னொரு குரல் தேவைப்படாது.

எல்லாப் பள்ளியிலும் கேள்வி வாத்தைப் பற்றித்தான். ஓநாய் வாத்தை விழுங்கிவிடுகிறது. ஓபோ அதே மெட்டைத் தளர்ந்து, இழுத்து வாசிக்கிறது. பிறகு பீட்டர் கயிற்றைப் போட்டு ஓநாயைப் பிடிக்கிறான், வேட்டைக்காரர்கள் வருகிறார்கள், எல்லோரும் ஊர்வலமாக மிருகக்காட்சிசாலைக்குப் போகிறார்கள். கடைசியில், ஓநாய் அவசரத்தில் உயிரோடு முழுங்கிவிட்டதால் வயிற்றுக்குள்ளிருந்து வாத்து கத்துவது கேட்கிறது என்று கதைசொல்லி சொல்ல வேண்டும். 1946-ல் டிஸ்னி இதைக் கார்ட்டூனாக்கியபோது வாத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அது மரப்பொந்தில் பத்திரமாக இருக்கிறது. புரோகோஃபியெவ் அப்படிச் செய்யவில்லை. வாத்து செத்ததா பிழைத்ததா என்று முடிவாகச் சொல்லாமல் ஓபோவை மட்டும் ஒருமுறை முனக விட்டுவிட்டார்.

"சார், வெளிய எடுப்பாங்களா?" இதற்கு நான் பதில் சொல்வதில்லை. ஓபோக்காரரைக் கைகாட்டிவிடுவேன். அவர் தோளைக் குலுக்குவார். ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்காது. பிள்ளைகள் வருத்தத்தோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். எனக்கு அதில் மாற்றுக்கருத்து. நல்லதங்காள் கதையும் அரிச்சந்திரன் கதையும் கேட்டு வளர்ந்த ஊரில் ஒரு வாத்துக்காகக் கொஞ்சம் மனது கனத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஒரு சின்னப் பெண் மட்டும் ஒரு தீர்வு சொன்னாள்: மிருகக்காட்சிசாலையில் டாக்டர் இருப்பார், ஆபரேஷன் செய்வார். சரி என்றேன்.

இந்தத் தொழிலில் எனக்கு உறுத்தலான ஒரு விஷயம் உண்டு. அதை எனக்கு முன்பே கண்டக்டர் லெனர்டு பெர்ன்ஸ்டைன் மேடையேறிச் சொல்லிவிட்டார். 1958 ஜனவரி 18-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அவர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தொலைக்காட்சிக் கச்சேரி வரிசை 1972 வரை நடந்தது. முதல் நிகழ்ச்சியே 'இசைக்கு என்ன அர்த்தம்?' என்பதுதான். ரொசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசையை வாசித்தவுடன் பிள்ளைகள் ஒரு கௌபாய்த் தொடரின் பெயரைக் கத்தினார்கள். இல்லை, இந்த இசை குதிரையைப் பற்றியது அல்ல, ஸ்வரங்களைப் பற்றியது என்றார் அவர். பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் கிஹோட்டே'யிலிருந்து ஒரு பகுதிக்குச் சூப்பர்மேன் சிறையிலிருக்கும் நண்பனைக் காப்பாற்றுவதாக ஒரு கதையைக் கட்டிச் சொன்னார். கச்சிதமாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு உண்மையான கதையைச் சொன்னார். அதுவும் பொருந்தியது. அப்படியானால் கதை எங்கே இருக்கிறது?

இது எனக்குப் புதிதல்ல. ரீரெக்கார்டிங்கில் திரை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்டக்டருக்கு மட்டும்தான் படம் தெரியும். நாங்கள் பார்ப்பது நோட்ஸும் அவர் கையும். மேல் ஸ்தாயியில் நடுங்கும் நீண்ட ஸ்வரம் ஒன்றை இருபது வயலினும் வாசித்திருப்போம். யாரோ கத்தியோடு பின்னால் வருகிறார்கள் என்று நான் நினைத்திருப்பேன். மாதக்கணக்கில் கழித்துத் தேவி தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு தாய் கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருப்பாள். அங்கேயும் சரியாகத்தான் இருக்கும். கதை தெரியாமலேயே அந்த ஸ்வரத்தைச் சுத்தமாக வாசிக்க முடிந்தது, அதில் ஏதோ ஒன்று நடக்கிறது என்றும் தெரிந்தது. கதை பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படியிருக்க, பிள்ளைகளுக்கு நான் கதையை முதலில் கொடுத்து, இசையை அதற்கு வேலைக்காரனாக்குகிறேனா?

ஓபோக்காரருக்கும் இதே மனத்தாங்கல், வேறு வடிவத்தில். பிராம்ஸின் வயலின் கான்செர்டோவில் இரண்டாம் பகுதி ஓபோவின் நீண்ட தனிப்பாட்டோடு தொடங்கும். வயலின்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் ஆள் ஒருமுறை இடைவேளையில் அதைச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தார். கதவருகே நின்ற ஐந்தாம் வகுப்புக் கூட்டம், "டேய், வாத்து பாடுதுடா!" என்றது. "பதினைந்து வருஷம் படிச்சு என்னை வாத்தாக்கிட்டீங்களே சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வாத்தியத்துக்கு ஒரு பாத்திரம் என்று பிள்ளை மனதில் ஆணியடித்துவிட்டால் அதைப் பிடுங்கும் பொறுப்பும் எங்களுடையதுதான்.

பெஞ்சமின் பிரிட்டன் இந்தச் சிக்கலுக்கே போகாமல் சுற்றி நடந்துவிட்டார். அவருடைய 'இளையோருக்கு ஆர்க்கெஸ்ட்ரா வழிகாட்டி' ஒரு கல்விப் படத்துக்காக எழுதப்பட்டது; 1946-ல் மேடையேறியது. பர்செல்லின் பழைய மெட்டு ஒன்றை எடுத்து, பதின்மூன்று மாறுபாடுகளில் வாத்தியங்களைக் கழற்றிக் காட்டி, கடைசியில் ஒரு ஃபியூகில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுகிறார். கதையே கிடையாது. பத்து வயதுக்குமேல் உள்ளவர்களிடம் பதிவைப் போட்டுக்காட்டினால் அருமையாகப் போகும். ஆறு வயதுக்காரர்கள் நான்காவது மாறுபாட்டிலேயே ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சான்-சான்ஸின் 'விலங்குகளின் திருவிழா' நன்றாகப் போகும், ஆனால் அதன் நகைச்சுவைக்கு முன்னேற்பாடு தேவை. ஆமை நடப்பது ஆஃபன்பாக்கின் துள்ளாட்ட மெட்டை ஊர விட்டதுதான் என்று தெரிய, முதலில் வேகமான மெட்டை வாசித்துக் காட்ட வேண்டும். தன் பெயர் கெட்டுவிடும் என்று சான்-சான்ஸ் 'அன்னம்' தவிர மற்றதை உயிரோடிருந்தவரை அச்சிட விடவில்லை. இப்போது பள்ளிகளில் அவரை அறிமுகம் செய்வதே அந்த ஆமைதான்.

நாங்கள் கண்ட வழி, முதல் நிகழ்ச்சி முடிந்து சில வாரம் கழித்து அதே வகுப்புக்குத் திரும்பப் போவது. மைக் கிடையாது. நானும் வயலினோடு உட்கார்ந்துகொள்வேன். வாசிப்பது பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்களில் ஒன்று, எஃப் மேஜரில் உள்ள எட்டாவது. ஒரு குரல் புறப்பட்டவுடனே அடுத்த குரல் அதையே வாசித்துக்கொண்டு பின்னால் வரும். பாக் இவற்றையும் ஒரு பிள்ளைக்காகத்தான் எழுத ஆரம்பித்தார். 1720-ல் ஒன்பது வயது மூத்த மகனுக்காகத் தொடங்கிய பயிற்சி நோட்டில்தான் இவை முதலில் வந்தன. அதிலும் கதை கிடையாது.

முதலில் அதை ஓபோவும் கிளாரினெட்டும் வாசிக்கும். கேட்கவே வேண்டாம், "பூனை வாத்தைத் துரத்துது!" என்று வகுப்பே அலறும். சரி என்று சொல்லிவிட்டு, அதே பாட்டை வயலினிலும் செல்லோவிலும் வாசிப்போம். ஒரு கணம் குழப்பம். "பீட்டரும் தாத்தாவும்" என்று யாரோ ஆரம்பிப்பார்கள், செல்லோவைத் தாத்தாவாக்கியது நாங்கள்தானே. பிறகு புல்லாங்குழலும் யூஃபோனியமும். இந்த ஜோடிக்கு அவர்களிடம் கதை இல்லை. அங்கேதான் சத்தம் குறைந்து கேட்க ஆரம்பிக்கிறார்கள். ஒரு கை மேலே போவதைப் பார்த்து இன்னொரு கை கொஞ்சம் தாமதமாக மேலே போகும். மெட்டு எப்போது திரும்புகிறது என்று தலையாட்டுவார்கள். 'பின்னால் வருபவர் ஏன் கடைசிவரை முந்தவேயில்லை' என்று ஒரு பையன் கேட்டான். ஸ்வரங்களைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி அது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இசை எட்டாது என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் ஐம்பது வருடமாக இந்த ஊர் இளையராஜாவின் வயலின் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு குரலுக்கு எதிராக இன்னொரு குரல் போவது எங்கள் காதுக்குப் புதிதில்லை. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் தியாகராஜரும் பாக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ரா இந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. உட்கார்ந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சமீபத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இந்த இரண்டாம் சுற்று நடந்தது. பாக்கை மூன்று ஜோடியிலும் வாசித்து முடித்தபோது மூன்று தரப்புகள் உருவாகிவிட்டன. கடைசி பெஞ்சு, ரேஷன் கடை வரிசையில் இருவர் இடம்பிடிக்கப் போவதாகச் சொன்னது. ஜன்னல் ஓரத்துப் பெண்கள், அக்காவும் தங்கையும் ஸ்கிப்பிங் ஆடுகிறார்கள் என்றார்கள். முன்வரிசையில் ஒருத்தி, யாருமே இல்லை, சும்மா பாட்டுதான் ஓடுது என்று பிடிவாதமாக நின்றாள். சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்டுவிடும்போல் ஆனதும் வகுப்பு டீச்சர் சாக்பீஸோடு என்னிடம் வந்தார்.

"சார், சரியான விடை எதுன்னு சொல்லிடுங்க. போர்டுல எழுதணும்."

"அப்படி ஒண்ணு இல்லையேம்மா."

அவர் என்னையும் வகுப்பையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அ, ஆ, இ போட்டு மூன்றையும் எழுதிவிட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.